க்ளேர் இசையைக் கேட்கப் பழகுவது: எங்கே தொடங்கி எப்படிப் போவது

ஐரிஷ் பாரம்பரிய இசைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். யூடியூபில் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், பத்து மெட்டு கேட்டதும் எல்லாம் ஒன்று போலவே இருக்கும், "சரி, நமக்கு இது ஒத்துவராது" என்று மூடிவைத்துவிடுவோம். எனக்கும் முதல் ஆறேழு மாதம் அப்படித்தான் போயிற்று. முழு அயர்லாந்தையும் விட்டுவிட்டு, ஒரே ஒரு கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி) மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் காது திறந்தது. அந்தக் கவுண்டி க்ளேர்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் அட்லாண்டிக், வடக்கே கால்வே விரிகுடா, தெற்கிலும் கிழக்கிலும் ஷானன் ஆறு என்று மூன்று பக்கத்துக்கு மேல் தண்ணீர். 2022 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 1,28,000 பேர். மாடு, புல்வெளி, சுண்ணாம்புப் பாறை, சின்னச் சின்ன ஊர்கள். இவ்வளவு குறைந்த ஜனத்தொகையில் இத்தனை வாசிப்பவர்கள் எப்படி வந்தார்கள் என்பது இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

நான் சொல்லப்போகும் வழி எளிமையானது. யார் பெரியவர், யார் எத்தனை விருது வாங்கினார் என்று பட்டியல் போட்டுக் கேட்காதீர்கள். யார் யாரிடம் கற்றார் என்ற சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

முதல் வாரம் தாளத்துக்கு

பெயர்களுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் தாளத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். இது ஆட்டத்துக்கு வாசிக்கப்பட்ட இசை, கால்தான் இதற்கு எஜமான். ஆட்டத்துக்கு ஏற்ப மெட்டுகளுக்கு ஜிக், ரீல் என்று வகை உண்டு. ஜிக் என்று போட்டிருந்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு இரண்டு தகிட. ரீல் என்றால் இரண்டு தகதிமி. ஸ்லிப் ஜிக் என்றால் மூன்று தகிட. ஹார்ன்பைப்புக்கும் ரீல் கணக்குதான், ஆனால் நிதானமாக, கொஞ்சம் துள்ளலோடு வரும். தொடையில் தட்டிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இரண்டே நாளில் எது ஜிக், எது ரீல் என்று யோசிக்காமலே தெரிந்துவிடும்.

அடுத்தது மெட்டின் அமைப்பு. பெரும்பாலான மெட்டுக்கு இரண்டு பகுதி. முதல் பகுதி எட்டு ஆவர்த்தனம், அதையே திரும்ப ஒரு தடவை. இரண்டாம் பகுதி எட்டு, பெரும்பாலும் மேல் ஸ்தாயிக்கு ஏறும், அதுவும் திரும்ப ஒரு தடவை. மொத்தம் 32 ஆவர்த்தனம், ரீலாக இருந்தால் அரை நிமிடத்துக்குச் சற்று மேல். இதை இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டு, நிற்காமல், மூச்சுகூட விடாமல், அடுத்த மெட்டுக்குள் போய்விடுவார்கள். இந்த இணைப்பு எங்கே என்று தெரியாததால்தான் நமக்கு எல்லாம் ஒரே நீளப் பாட்டாகக் கேட்கிறது. விரல்விட்டு எண்ணுங்கள். மெட்டு மாறும் அந்த ஒரு கணத்தில், சுருதி மாறி, கூட்டத்தில் யாரோ ஒருவர் "ஹப்!" என்று குரல் கொடுப்பதை நீங்களே எதிர்பார்க்க ஆரம்பித்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: எல்லாரும் சேர்ந்து வாசிப்பது ஒரே மெட்டைத்தான். ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுற்றிலும் எந்த இடத்தில் ஒரு சுரத்தைச் சுழற்றுகிறார், எங்கே ஒன்றை விட்டுவிடுகிறார் என்பதில்தான் அவரவர் கையெழுத்து இருக்கிறது.

மில்டவுன் மால்பேயிலிருந்து தொடங்குங்கள்

மேற்கு க்ளேரில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் மில்டவுன் மால்பே. நம் சங்கிலியின் முதல் கண்ணி அந்தப் பக்கத்து கேரட் பேரி. பார்வையற்ற பைப் கலைஞர் (காற்றுப் பை வைத்த இல்லன் பைப், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்), 1899இல் இறந்துவிட்டார், அவர் வாசித்த ஒரு நொடிகூடப் பதிவாகவில்லை. ஆனால் அவர் பெயரிலேயே ஒரு ஜிக் இன்றைக்கும் எல்லா செஷனிலும் (மதுக்கடையில் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கும் கூடல்) ஓடுகிறது. அவரிடம் நேரில் கேட்டு மனத்தில் வைத்திருந்தவர்களில் ஒருவர் கில்பர்ட் கிளான்ஸி. அந்த கில்பர்ட்டின் மகன்தான் வில்லி கிளான்ஸி.

வில்லி கிளான்ஸி (1918–1973) பிழைப்புக்குத் தச்சர். சிறு வயதில் விசிலில் (ஆறு துளைச் சின்னத் தகரக் குழல்) தொடங்கினார். பேரியின் மெட்டுகள் அப்பா வழியாக வந்து சேர்ந்தன. பைப் மீது அவருக்குப் பித்துப் பிடித்ததற்கு வேறொருவர் காரணம்: குதிரை வண்டியில் ஊர் ஊராகச் சுற்றி, சந்தையிலும் பந்தய மைதானத்திலும் வாசித்த ஜானி டோரன். 1936இல் அவர் வாசிப்பை வில்லி கேட்டார். டோரனின் வாசிப்பு ஆற்று வெள்ளம் போல விடாமல் பாயும். 1947இல் டப்ளினில் நாட்டார் வழக்காற்று ஆணையம் அவரைப் பதிவு செய்துவைத்தது, நல்ல வேளை. அடுத்த வருடமே அவர் தங்கியிருந்த வண்டி மீது சுவர் இடிந்து விழுந்து படுகாயப்பட்டு, 1950இல் போய்விட்டார்.

இங்கே வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இல்லன் பைப் என்ன செய்கிறது என்று தெரியாமல் கிளான்ஸியைக் கேட்டால் பாதிதான் கேட்கும். 'இல்லன்' என்றால் ஐரிஷில் முழங்கை. ஸ்காட்லாந்துக்காரர்கள் நின்றுகொண்டு ஊதும் பைப்பை நினைக்காதீர்கள். இதை உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும், வாயால் ஊதுவதே இல்லை. ஒரு கைக்கு அடியில் துருத்தி, இன்னொரு கைக்கு அடியில் காற்றுப் பை. மூன்று குழல்கள் விடாமல் சுருதி பிடிக்கும், இன்னொரு மூன்று குழல்களில் இருக்கும் சாவிகளை மணிக்கட்டால் தட்டினால் அவ்வப்போது ஒத்திசைவு சேரும். மெட்டு வருவது விரல்கள் ஓடும் குழலில். அந்தக் குழலின் அடிவாயைத் தொடை மேல் கட்டியிருக்கும் தோல் துண்டில் அழுத்தி வைத்து, எல்லாத் துளையையும் மூடினால் சத்தம் சட்டென்று நிற்கும். இப்படி ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே ஒரு கண நேர மௌனத்தை வைத்து, நறுக்கு நறுக்கென்று வாசிக்கலாம். தொடையிலிருந்து தூக்கினால் டோரனைப் போல ஒழுகும். கிளான்ஸியிடம் இரண்டும் இருந்தன. அவரது ஒரு ரீலை எடுத்து, எங்கே நறுக்குகிறார், எங்கே ஓடவிடுகிறார் என்று மட்டும் ஐந்து தடவை கேளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு, ஒரு பைப் கலைஞர் உருவாக ஏழு வருடம் கற்க வேண்டும், ஏழு வருடம் பழக வேண்டும், ஏழு வருடம் வாசிக்க வேண்டும் என்பது. மிகையாகத் தெரியும், கேட்டால் நம்புவீர்கள். 2017இல் யுனெஸ்கோ இந்த வாத்தியக் கலையை மானுடத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அதே பக்கத்தில் ஃபிடில் வாசித்தவர்களையும் விட்டுவிடாதீர்கள் (ஃபிடில் என்பது வயலினேதான்). ஜூனியர் க்ரீஹன் (1908–1998) விவசாயி, முல்லா என்ற ஊருக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் ஸ்கல்லி கேஸி. அந்த ஸ்கல்லியின் மகன் பாபி கேஸி (1926–2000) 1950களில் லண்டனுக்குப் போய், அங்கே கட்டட வேலைக்கு வந்த ஐரிஷ்காரர்கள் நடுவே இந்த வாசிப்பை உயிரோடு வைத்திருந்தார். இரண்டு பேரையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஊற்றுத் தண்ணீர் என்று புரியும், ஆனால் பாபியின் வில்லில் ஒரு ஏக்கம் கூடுதல். நாட்டை விட்டுப் போனதால்தான் அந்த ஏக்கம் என்று நான் நினைத்துக்கொள்கிறேன், நிரூபிக்க முடியாது.

க்ரீஹன் தன் வாழ்நாள் முழுக்க வருத்தத்தோடு பேசிய ஒரு விஷயம் உண்டு, அது தெரிந்தால்தான் க்ளேர் இசையின் போக்கும் புரியும். அந்தக் காலத்தில் ஆட்டம் வீட்டில்தான். சமையலறையில் மேசை நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கல் தரையில் நான்கு ஜோடி ஆடும், மூலையில் ஒருவரோ இருவரோ வாசிப்பார்கள். 1935இல் பொது நடன அரங்குச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் பொது ஆட்டம் கூடாது என்பது சட்டம். ஆனால் பாதிரியார்களும் போலீஸும் அதை வீட்டு ஆட்டங்கள் மீதே திருப்பினார்கள். வீடுகள் அடங்கிப்போயின, ஆட்டம் பெரிய கூடங்களுக்கு இடம் மாறியது. அவ்வளவு பெரிய கூடத்துக்கு ஒற்றை ஃபிடிலின் சத்தம் எட்டுமா? அதனால் கேய்லி பேண்டுகள் எழுந்தன: ஃபிடில், புல்லாங்குழல், அக்கார்டியன் எல்லாம் வரிசையாக, பின்னால் பியானோவும் டிரம்மும். கில்ஃபெனோரா கேய்லி பேண்ட் அதற்கு முன்பே, 1909இல் தொடங்கியது. டல்லா கேய்லி பேண்ட் 1946இல். கில்ஃபெனோரா 1954, 55, 56 என்று மூன்று வருடம் தொடர்ந்து அகில அயர்லாந்துப் போட்டியில் ஜெயித்தது, 1957இல் டல்லா பறித்துக்கொண்டது. இரண்டு ஊர் ஆதரவாளர்களுக்கும் இருந்த போட்டி அந்தப் பதிவுகளின் வேகத்திலேயே தெரியும்.

அப்புறம் கிழக்கே வாருங்கள்

கிழக்கு க்ளேருக்கு வந்தால் காற்றே மாறிவிடும். மேற்கே துள்ளல், காலடி ஓசை. இங்கே, டல்லா, ஃபீக்கிள் பக்கம், வேகம் குறைந்து சோகம் ஏறும். வழக்கமாக வாசிக்கும் சுருதியை விட்டு மைனருக்கு (சோகம் தொனிக்கும் மேற்கத்திய சுர வரிசை) இறக்கி வாசிப்பது இந்தப் பகுதியின் குணம்.

பேடி கேனி (1919–2008), பி.ஜே. ஹேய்ஸ் (1921–2001) என்ற இருவர் இங்கே முக்கியம். இருவரும் பக்கத்துப் பக்கத்து மலையூர்க்காரர்கள், இருவரும் டல்லா பேண்டில் இருந்தவர்கள், பேண்டை நெடுங்காலம் நடத்தியவர் பி.ஜே. அவருடைய தங்கை அல்லது அக்காவை மணந்தவர் பேடி கேனி. 1959இல் இவர்கள் இருவரும் பீடர் ஓ'லாக்லினும் சேர்ந்து, பிரைடி லாஃபர்ட்டி பியானோவில் துணை நிற்க, ஒரு லாங்ப்ளே தட்டு வாசித்தார்கள். எனக்கு ஒரே ஒரு பதிவுதான் அனுமதி என்றால் அதைத்தான் எடுப்பேன். இரண்டு ஃபிடில் ஒரே மெட்டை வாசிக்கின்றன, ஆனால் ஒட்டிக்கொண்டே நகரும் இரண்டு நிழல்கள் மாதிரி. பேடி கேனி தனக்கென்று தனி இசைத்தட்டு வெளியிட்டது 1997இல், 78 வயதை ஒட்டி. அதுவரை வயலில் வேலை, ராத்திரியில் வாசிப்பு.

பி.ஜே.யின் மகன் மார்ட்டின் ஹேய்ஸ். பேடி கேனி அவருக்கு மாமா முறை. சின்ன வயதிலேயே அப்பாவின் பேண்டில் சேர்ந்து, பிற்பாடு சிகாகோ போய், அங்கே டெனிஸ் காஹில் என்ற கிட்டார் கலைஞரைச் சந்தித்தார். 1999இல் வந்த அவர்களுடைய சியாட்டில் மேடைப் பதிவில், ஏறத்தாழ அரை மணி நேரம் நிற்காமல் போகும் ஒரு கோவை இருக்கிறது. தனியே எரியும் விளக்குப் போல ஆரம்பித்து, ஒவ்வொரு மெட்டாகச் சூடேறி, கடைசியில் கூட்டம் கத்துகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், யாராவது இதைத்தான் முதலில் அனுப்புவார்கள். நான் சொல்வது, தள்ளிப் போடுங்கள். முதலில் 1959 தட்டை ஒரு மாதம் கேளுங்கள், பிறகு இதற்கு வாருங்கள். மார்ட்டின் எந்த இடத்தில் மாமாவின் வில்லை நினைக்கிறார் என்று காதுக்கே தெரியும், அப்போது கண் கலங்கினாலும் ஆச்சரியமில்லை.

கான்சர்டினாவும் விசிலும்

க்ளேருக்கு என்றே அடையாளமான வாத்தியம் கான்சர்டினா. ஆறு பக்கம் கொண்ட சின்னத் துருத்திப் பெட்டி, இரண்டு பக்கமும் பொத்தான்கள். ஒரே பொத்தானைப் பெட்டியை அழுத்தும்போது அமுக்கினால் ஒரு சுரம், இழுக்கும்போது அமுக்கினால் வேறு சுரம். இந்த அழுத்து இழுவையே தாளத்துக்கு ஓர் உதறலைக் கொடுத்துவிடும், அதனால் ஆட்டத்துக்கு இதைவிடத் தோதான வாத்தியம் இல்லை. இதைப் பெண்கள் நிறைய வாசித்தார்கள். கில்ரஷ் ஊரில் கணவரோடு மதுக்கடை நடத்திய எலிசபெத் க்ராட்டி (1885–1960) அவர்களில் பேர்போனவர். 1950களில் வானொலிக்காரர்கள் பதிவு வண்டியோடு வந்தபோது அவருக்கு எழுபது வயது. அந்தப் பதிவுகள் வழியாகத்தான் நாடு முழுக்க "மிஸஸ் க்ராட்டி" ஆனார். அவரைக் கேட்ட பிறகு, கிறிஸ் ட்ரோனி (1925–2020), அதற்குப் பின் நோயல் ஹில் என்று வரிசையாக வாருங்கள். நோயல் ஹில்லும் அக்கார்டியன் கலைஞர் டோனி மக்மஹோனும் (1939–2021) 1980களில் கார்க் பக்கத்து ஒரு கிராம மதுக்கடையில் ஆட்டக்காரர்களோடு சேர்த்துப் பதிவு செய்த தட்டில் தரையில் விழும் காலடிகளும் சேர்ந்தே கேட்கும். நான் முதல் வாரம் சொன்ன தாளப் பாடத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

டூலின் கிராமத்து மிக்கோ ரஸ்ஸல் (1915–1994) தகர விசிலும் புல்லாங்குழலும் வாசித்தார், பாடவும் செய்தார். அவருடைய தம்பிகள் பேக்கியும் கஸ்ஸியும்கூட வாசிப்பவர்கள். மிக்கோவின் வாசிப்பில் வித்தை எதுவும் இருக்காது. மெட்டின் எலும்பு தெரிகிற அளவுக்கு எளிமை. அவசரமே இல்லை. அதனால்தான், வாசிக்கக் கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு அவர்தான் சரியான வாத்தியார்.

நீங்களும் ஒரு விசில் வாங்கிவிடுங்கள். ஆறு துளை, 'டி' சுருதி என்று கேட்டு வாங்க வேண்டும், வேறு சுருதி வாங்கினால் யாரோடும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஜெனரேஷன், ஃபடோக் மாதிரி கம்பெனிகளின் சாதாரணமானதே போதும், பதினைந்து யூரோவுக்குள் வந்துவிடும். முதல் மெட்டு ஒரு ஜிக்காக இருக்கட்டும். யூடியூபில் வேகத்தை 0.5க்கு இறக்கி, முதல் இரண்டு ஆவர்த்தனத்தை வாயால் முணுமுணுக்க வரும் வரை கேட்டு, அதன் பிறகே விசிலைத் தொடுங்கள். நாக்கால் ஒவ்வொரு சுரத்தையும் வெட்டாதீர்கள், விரலால் வெட்டப் பழகுங்கள்: 'ஜி' வாசிக்கும்போது மேலே இருக்கும் ஒரு விரலைக் கண் இமைப்பது போலத் தூக்கி வைத்தால் சுரம் இரண்டாகப் பிளக்கும், அதுதான் முதல் அலங்காரம். எனக்கு அது சரியாக விழ மூன்று வாரம் ஆயிற்று, விழுந்த அன்று பக்கத்து அறையில் இருந்தவரைக் கூப்பிட்டு நான்கு தடவை வாசித்துக் காட்டினேன். மெட்டுகளின் எழுத்து வடிவம் வேண்டுமென்றால் 'தி செஷன்' இணையதளத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, ஆனால் அதை மறந்துபோனதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காதால் எடுத்த மெட்டுதான் தங்கும். பழைய பதிவுகளுக்கு டப்ளினில் 1987இல் தொடங்கிய ஐரிஷ் பாரம்பரிய இசை ஆவணக் காப்பகத்தின் தளத்தையும் க்ளேர் கவுண்டி நூலகத்தின் தளத்தையும் பாருங்கள், இரண்டுமே இலவசம்.

இன்றைக்கு வாசிப்பவர்களுக்கு இதே சங்கிலி வழியாக நீங்களே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். டூனா என்ற சின்ன ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃப்ராங்க் கஸ்டி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மெட்டுகளில் வளர்ந்தவர்களில் அக்கார்டியன் வாசிக்கும் ஷாரன் ஷானன் உலகம் சுற்றுகிறார். டல்லாவின் மேரி மெக்நமாரா கான்சர்டினாவில் கிழக்கு க்ளேரின் மெதுவை அப்படியே வைத்திருக்கிறார்.

நேரில் போக நினைத்தால்

வில்லி கிளான்ஸி இறந்த அதே 1973ஆம் ஆண்டு கோடையில் மில்டவுன் மால்பேயில் அவர் பெயரில் கோடைப் பள்ளி தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் ஜூலை மாதத்தின் முதல் சனிக்கிழமை தொடங்கி ஒரு வாரம் நடக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது 'வில்லி வாரம்'. காலையில் வகுப்பு, மதியம் உரை, ராத்திரி முழுக்க ஒவ்வொரு மதுக்கடையிலும் செஷன். கிழக்குப் பக்கம் பிடித்தவர்களுக்கு ஆகஸ்ட்டில் ஃபீக்கிள் விழா, அளவில் சின்னது, எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் விழாக்களை விட்டுவிட்டு சாதாரண வாரத்தில் என்னிஸ் நகரத்துக்குப் போகலாம், ஷானன் விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரம்தான்.

செஷனில் உட்காரும்போது சில பழக்கங்கள் உண்டு. வாசிப்பவர்கள் வட்டத்துக்குள் காலி நாற்காலி இருந்தாலும் கேட்காமல் உட்காரக் கூடாது, யாராவது ஒருவர் தேநீருக்கு எழுந்து போயிருப்பார். தெரியாத மெட்டு ஓடும்போது விசிலில் தேடிப் பார்க்கக் கூடாது, மடியில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும், தெரிந்த மெட்டு வந்தால் தாராளமாகச் சேரலாம். பௌரான் தோல்கருவியை ஏற்கெனவே ஒருவர் வாசித்தால் இரண்டாவது ஆள் வெளியே எடுப்பது மரியாதை இல்லை. யாராவது பாட ஆரம்பித்தால் முழுக் கடையும் அமைதியாகிவிடும், கண்ணாடிக் குவளையைக்கூட மெதுவாகத்தான் வைப்பார்கள், நீங்களும் அப்படியே இருங்கள். பதிவு செய்ய ஆசைப்பட்டால் முதலில் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். யாராவது ஒரு மெட்டு வாசித்து முடித்ததும் "இதை யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மெட்டின் பெயர் பலருக்கு ஞாபகம் இருக்காது, கற்ற ஆளின் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

வில்லி வாரத்துக்கு அறை கிடைப்பது பெரும்பாடு. ஊரில் இருப்பது ஒரு நீளத் தெருவும் அதை ஒட்டிய சந்துகளும்தான், குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஜூலை மாதம்தானே என்று நம்பி மழைக்கோட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். விசிலைக் கைப்பைக்குள் போடுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் நசுங்கி வரும்.